மூன்றாவது சாவி

அவருக்கு ரெண்டு சாவி என்று பேர் வந்ததற்கு அவரேதான் காரணம். புதுப் பூட்டு மாட்டி முடித்து, மரத்தூளை ஊதித் தள்ளிவிட்டு, சாவிகளை வீட்டுக்காரர் கையில் வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் அதே பேச்சைப் பேசுவார். வீட்டுக்கு ரெண்டு சாவி போதும்; ஒன்று வெளியே போகிறவருக்கு, ஒன்று உள்ளே இருக்கிறவருக்கு. மூன்றாவதாக ஒன்று வெட்டிவிட்டால் அது இன்றைக்கு யார் பையில் கிடக்கிறது என்ற யோசனை வந்துவிடும். அந்த யோசனை வந்த வீட்டில் பூட்டு இருந்தும் பிரயோசனமில்லை. கேட்டுக் கேட்டுத் தெருவே இதை மனப்பாடம் செய்திருந்தது. டீக்கடையில் அவர் ஒரு டீ சொன்னால், "ரெண்டா குடுப்பா, ஒண்ணு போறவருக்கு, ஒண்ணு இருக்கறவருக்கு" என்று யாராவது சொல்வார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபப்படவும் மாட்டார். டீயைக் குடித்துவிட்டுப் போவார்.

பேச்சு குறைந்த மனிதர். பூட்டு வேலைக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். உள்ளே இருக்கிற சின்னச் சின்ன ஊசிகள் ஒவ்வொன்றாக எழும்பி நிற்கிற சத்தம், நகத்தில் நகம் படுகிற அளவுதான் இருக்கும். முப்பது வருஷமாக அதையே கேட்டுக்கொண்டிருந்தவருக்கு மற்றச் சத்தமெல்லாம் பெரிதாகவே கேட்டது. வீட்டில் மனைவி பேசுவாள், அவர் கேட்பார். அவள் நிறுத்தினால் அந்த அமைதியையும் அதே கவனத்தோடு கேட்பார். "என்னங்க, நான் பேசறதே பூட்டுக்குள்ள குச்சி விடற மாதிரிதான் இருக்கு. எங்கியோ ஒண்ணு நகருது, ஆனா தொறக்க மாட்டேங்குது" என்பாள் அவள். தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டை அவரே கழுவி வைப்பார். அதுதான் பதில் என்று அவளுக்குத் தெரியும்.

அவர்கள் வீட்டுக் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிலில் அவர் புதிதாக எதைக் கற்றுக்கொண்டாலும் அது முதலில் அந்தக் கதவுக்குத்தான் வந்து சேரும். சாவி நுழைகிற சிலிண்டரைச் சுற்றிக் கடினப்படுத்திய இரும்புத் தகடு. டிரில் வைத்தால் அதன் முனை வழுக்கிக்கொண்டு போகும். பின்வாசலுக்குக் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம். முன்கதவின் பக்கத்தில் இருந்த ஜன்னலுக்குக் கம்பி வைக்கும்போது, தன் கையையே கம்பிக்குள் தோள்வரை விட்டு அளந்து பார்த்தார். பூட்டுக்கும் விரல் நுனிக்கும் நடுவில் இரண்டு சாண் மிச்சம் இருக்கிற மாதிரிக் கதவையே தள்ளி மாட்டச் சொன்னார். தச்சர் அதற்காக ஒரு நாள் முழுக்க முணுமுணுத்தார்.

மனைவிக்கும் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்திருந்தார். உள்ளேயிருந்து பூட்டியபிறகு சாவியை எடுக்கக் கூடாது. துவாரத்திலேயே விட்டு, பாதி திருகி நிறுத்த வேண்டும். அப்படி நிற்கும்போது வெளியிலிருந்து எந்தச் சாவியும் உள்ளே நுழையாது, எந்தத் திருடனின் கம்பியும் ஊசியைத் தொட முடியாது. அவர் வீடு வந்து மூன்று முறை தட்டினால், அவள் சாவியை நேராக்கித் திறப்பாள். பதினோரு வருஷமாக ஒருநாள்கூட அவள் மறந்ததில்லை.

அன்றைக்கும் மறக்கவில்லை.

அன்று காலையிலிருந்தே வறண்ட காற்று. தெருவின் தூசி ஒரு வீட்டு வாசலிலிருந்து இன்னொரு வீட்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு மணிக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூட அலமாரிப் பூட்டில் மாட்டிக்கொண்டார். யாரோ சாவியைத் திருகி உடைத்து, பாதியை உள்ளே விட்டிருந்தார்கள். உடைந்த துண்டை இழுக்கப் போனால் இன்னும் உள்ளே போயிற்று. வேலையில் இறங்கிவிட்டால் அவருக்கு நேரம் தெரியாது. வீடு வந்தபோது மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

மூன்று முறை தட்டினார். காத்திருந்தார். மறுபடி மூன்று முறை.

உள்ளே சத்தமில்லை. மனைவி குளிக்கிறாள் என்றால் தண்ணீர் விழும் ஓசை வரும், தூங்குகிறாள் என்றால் மின்விசிறி கிறீச்சிடும். இரண்டும் இல்லை. தன் சாவியை எடுத்துத் துவாரத்தில் வைத்தார். பாதி தூரம் போய் நின்றது. உள்ளே அவளுடைய சாவி அவர் சொல்லிக் கொடுத்தபடியே பாதி திருகி நின்றிருந்தது.

ஜன்னல் தூசிக்காகச் சாத்தியிருந்தது. கையைப் புருவத்தின்மேல் வைத்துக் கண்ணாடிக்குள் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகள் கவிழ்த்து வைத்தபடி இருந்தன. சமையலறை நிலைப்படிக்கு இந்தப் பக்கம் அவளுடைய ஒரு பாதம் தெரிந்தது, அதிலிருந்து கழன்ற செருப்பு கொஞ்சம் தள்ளிக் கிடந்தது.

அப்போதுதான் அவருக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது. அவளுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் ஊசி போட்டுக்கொண்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். எத்தனை தடவை சொல்லியும் அவர் வராமல் அவள் மதியம் சாப்பிட மாட்டாள். ஒரு மணி என்றார். ஒரு மணியிலிருந்து அவள் காத்திருந்திருக்கிறாள்.

கூப்பிட்டார். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவருக்கே தெரியாது. பாதம் லேசாக அசைந்தது, பதில் இல்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தாள். பின்னாலேயே அவள் புருஷன். புருஷன் உடனே ஆம்புலன்ஸுக்குப் பேசினார்; பாலத்தின்மேல் நெரிசல், இருபது இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்றார்கள். பூட்டுக்காரர் அதற்குள் பையைத் திறந்து டிரில்லை எடுத்துவிட்டார். தகட்டின்மேல் வைத்து அழுத்தினார். முனை வழுக்கியது. மறுபடி வைத்தார், மறுபடி வழுக்கியது. பத்து வருஷத்துக்கு முன்னால் அந்தத் தகட்டை மாட்டியபோது எவ்வளவு பெருமையாக இருந்தது என்பது ஞாபகம் வந்தது. மூன்றாவது தடவை முனை ஒடிந்து போயிற்று.

சுத்தியலால் ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். கம்பிக்குள் தோள்வரை கையை விட்டார். விரலுக்கும் பூட்டுக்கும் நடுவில் இரண்டு சாண் இருந்தது. அவரே அளந்து வைத்த இரண்டு சாண்.

தையல்காரம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, உங்க மச்சானுக்கு போன் போடட்டுமா?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மச்சான் என்றால் அவர் மனைவியின் தம்பி. ஒரு காலத்தில் இருவருக்கும் ஒரே கடை. இவர் வீட்டுப் பூட்டு, அவன் வண்டிச் சாவி. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் வந்து காருக்குச் சாவி தொலைந்துவிட்டது என்றான். மைத்துனன் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்காமல் சாவி செய்து கொடுத்துவிட்டான். கார், சாவி கேட்டு வந்தவனுடைய அண்ணனுடையது. அண்ணன் தம்பிச் சண்டை போலீசில் போய் நின்றது, கடையை மூன்று நாள் திறக்க முடியவில்லை. நாலாம் நாள் கடை திறந்ததும், கூட்டம் இருக்கும்போதே, பூட்டுக்காரர் மைத்துனன் கையிலிருந்த அரத்தைப் பிடுங்கினார். கேட்காமல் சாவி வெட்டுகிற கை அரத்தைத் தொடக் கூடாது என்றார். அவர் அன்றைக்குப் பேசியது அந்த ஒரே வாக்கியம்தான். மைத்துனன் சட்டையில் ஒட்டியிருந்த பித்தளைத் தூளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனான். பெட்ரோல் பங்குக்கு எதிரே தனியாகக் கடை போட்டான். வண்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிவிடுகிறவர்களுக்கு, கதவிடுக்கில் காற்றுப்பையை நுழைத்து ஊதி, நீளக் கம்பியை உள்ளே விட்டுத் திறந்து கொடுப்பது அவனுக்கு முக்கியமான வேலை. டீக்கடையில் யாராவது அவன் பேச்சை எடுத்தால் பூட்டுக்காரர், "கம்பிய விட்டுத் துழாவுறதெல்லாம் ஒரு தொழிலா?" என்பார். அதோடு சரி.

அந்தக் கம்பி இப்போது அவர் மனசில் வந்து நின்றது. கதவைத் திறக்காமல், பூட்டைத் தொடாமல், இடுக்கு வழியாகப் போய் உள்ளே இருக்கிற ஒன்றைத் திருப்புகிற கம்பி.

"எங்கிட்ட அவன் நம்பர் இல்லியே" என்றார்.

"எங்கிட்ட இருக்குண்ணே." தையல்காரம்மா போனைக் காதில் வைத்தபடியே சொன்னாள். "அண்ணி தெனம் காலையில எங்க வீட்டுக்கு வந்து தம்பிகூட பேசிட்டுத்தான் போவாங்க. உங்களுக்குத் தெரிய வேணாம்னு சொன்னாங்க."

ஏழு வருஷம். தினம் காலையில். சட்டைக்குப் பொத்தான் வைக்க, பாவாடை ஓரம் மடித்துத் தைக்க என்று அவள் பக்கத்து வீட்டுக்குப் போனதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. ஒரே சட்டையில் எத்தனை பொத்தான் விழும் என்று அவர் ஒருநாள்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. நகத்தில் நகம் படுகிற சத்தம் கேட்கிற காது அது.

நாலு நிமிஷத்தில் வண்டி வந்து நின்றது. மைத்துனன் ஒரு காரைப் பாதித் திறப்பில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். காற்றுப்பையின் பம்பு அவன் கழுத்தில் தொங்கிக்கொண்டே வந்தது. முடி முன்பக்கம் கொட்டியிருந்தது. அவன் அக்கா புருஷனைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்குள் பார்த்தான், அக்காவின் பாதத்தைப் பார்த்தான், கதவைப் பார்த்தான்.

"உள்ள சாவி பாதியில நிக்குதா?"

பூட்டுக்காரர் தலையாட்டினார்.

அவன் முதுகுப்பையிலிருந்து கம்பியை உருவினான். நுனியில் ரப்பர் சுற்றிய ஒரு சின்னக் கவ்வி. முழங்காலில் வைத்து ஒரு இடத்தில் வளைத்தான், கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து இன்னொரு இடத்தில் வளைத்தான். ஜன்னல் கம்பிக்குள் நுழைத்தான். கன்னமும் தோளும் கம்பியில் அழுந்தின. கம்பி போய்ப் பூட்டின் பக்கம் தட்டியது, மரத்தில் தட்டியது, இரும்பில் தட்டியது. கதவும் ஜன்னலும் ஒரே சுவரில் இருந்தன. உள்பக்கத்துப் பூட்டு அவன் கண்ணுக்குத் தெரிய வழியே இல்லை.

"எதும் தெரியல" என்றான், யாரிடமும் இல்லாமல்.

பூட்டுக்காரர் பையைக் கவிழ்த்தார். திருகாணிகள், ஊசிகள், ஸ்பிரிங்குகள் எல்லாம் வாசலில் உருண்டன. நடுவில் அந்தக் கண்ணாடி கிடந்தது. நீளக் காம்பின் நுனியில் பொத்தான் அளவு கண்ணாடி. பூட்டுப் பெட்டியின் அடிவயிற்றைப் பார்க்க அவர் வைத்திருப்பது. தையல்காரம்மா ஓடிப்போய் எடுத்துவந்த, துணி அளக்கிற நீளக் குச்சியை வாங்கி, அவள் நாடாவாலேயே காம்பை அதில் இறுக்கிக் கட்டினார். மைத்துனனின் தலைக்கு மேலாக, மேல் கம்பியிடுக்கில் அதை உள்ளே விட்டார். கை நடுக்கத்தில் கண்ணாடிக்குள் வீடே ஆடியது. மூச்சை நிறுத்தினார். ஆட்டம் நின்றது. சாவி தெரிந்தது.

இப்போது அவர் பேசியாக வேண்டும். அவர் பார்க்கிறதை அவன் பார்க்க முடியாது, அவன் பிடித்திருப்பதை அவர் பிடிக்க முடியாது.

தொண்டையைச் செருமினார்.

"கீழ."

கம்பி இறங்கியது.

"இன்னும் கீழ. ஒரு விரக்கடை. போதும். இப்ப இடது பக்கம்."

கம்பி இடதுபக்கம் போனது. கண்ணாடியில் அது சாவியை விட்டு விலகியது.

"இல்ல, இல்ல. கண்ணாடி மாத்திக் காட்டுது. வலது பக்கம் வா. மெதுவா."

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம். கை நோவுதா?"

"அது கெடக்கட்டும், நீங்க சொல்லுங்க மாமா."

மாமா என்றது காதில் விழுந்தது. அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை, ஆனாலும் விழுந்தது. ஒரு ஊசி எழும்பி நிற்கிற சத்தம் போல.

"தொட்டுட்ட. அதான் சாவி. கவ்விக்கோ." கவ்வி ஒருமுறை வழுக்கியது. இரண்டாவது முறையும் வழுக்கியது. மைத்துனனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, வியர்வை அவன் காதோரம் இறங்கிக் கம்பியில் சொட்டியது. மூன்றாவது முறை ரப்பர் பிடித்துக்கொண்டது.

"பிடிச்சிருக்கு. இப்ப திருப்பு. உன் பக்கமா இல்ல, கதவுப் பக்கமா. அப்படித்தான். இன்னும். இன்னும். ம், நிறுத்து. நேரா நிக்குது. விட்டுடாத."

குச்சியைத் தையல்காரம்மாவிடம் தள்ளிவிட்டு இரண்டே எட்டில் கதவுக்கு வந்தார். தன் சாவியைத் துவாரத்தில் வைத்து அழுத்தினார். உள்ளே இருந்த சாவி ஒரு நூல் நகர்ந்தது. இன்னொரு நூல்.

"விடு" என்றார்.

காற்றுகூட நின்றிருந்த மாதிரி இருந்தது. உள்ளே தரையில் சாவி விழுகிற சத்தம் கேட்டது. அவர் வாழ்நாளில் எவ்வளவோ சாவிகள் விழுந்து கேட்டிருக்கிறார். அப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை.

அவள் முகம் சில்லிட்டு, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, பார்வை இல்லை. தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றக் கூடாது என்று தையல்காரம்மா தடுத்தாள். தையல்காரம்மாவின் அம்மாவுக்கும் இதே வியாதி. ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். மைத்துனன் சர்க்கரையை நாலு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, கிரீஸ் படிந்த விரலைச் சட்டையில் அழுந்தத் துடைத்துவிட்டு, அக்காவின் கன்னத்து உள்பக்கம் கொஞ்சங்கொஞ்சமாகத் தடவினான். அவர் அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆம்புலன்ஸ் வந்து, கையில் குளுக்கோஸ் ஏற்றி, கொஞ்ச நேரத்தில் அவள் கண் நிலைப்பட்டது. முதலில் தம்பியைப் பார்த்தாள். அப்புறம் புருஷனை. மறுபடி தம்பியை. அப்புறம் அவர்களுக்குப் பின்னால்.

"ஜன்னல யாரு ஒடச்சது?" என்றாள்.

மைத்துனன் சிரித்தான். சிரிக்கும்போதே அழுதான். புறங்கையால் முகத்தைத் துடைத்ததில் கிரீஸ் மூக்கில் ஏறியது.

"உன் வீட்டுக்காரர்தான். எங்கிட்ட எதுக்குக் கேக்கற?"

"தூசி பூரா உள்ள வந்துருமே."

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். இன்னும் பத்து இருபது நிமிஷம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லத் தொடங்கியபோது, பூட்டுக்காரர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அது அவருக்குத் தெரியும். வார்டுக்கு வெளியே பெஞ்சில் அவரும் மைத்துனனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் போய் ரொட்டியும் டீயும் வாங்கிவந்தான். இரண்டு பேரும் பேசவில்லை. ஆனால் அந்த அமைதி ஏழு வருஷத்து அமைதி இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் ரொட்டியை மென்றுகொண்டே வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தது. வாயைத் திறந்தால் அந்த வார்த்தை சின்னதாகத் தெரிந்தது. மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த அன்றே கதவின் சிலிண்டரைக் கழற்றினார். உள்ளே சாவி இருந்தாலும் வெளியிலிருந்து திறக்கிற மாதிரி வேறொன்று மாட்டினார். அப்படிப்பட்டதில் பாதுகாப்பு போதாது என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, மருந்துக்கு முன்னால் சாப்பிட வேண்டிய பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாள். இனிமேல் மணி ஒன்று அடித்தால், தான் வந்தாலும் வராவிட்டாலும், அவள் சாப்பிட்டுவிட வேண்டும் என்றார். அவள் சரி என்றாள். தையல்காரம்மா வீட்டுக்கு இனிமேல் பொத்தான் வைக்கப் போக வேண்டாம், நம்ம வீட்டிலிருந்தே பேசு என்றார். அவள் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. இவ்வளவு பொத்தான் எந்தச் சட்டையிலயும் கெடையாது."

அவள் பிஸ்கட்டை மறுபடி கையில் எடுத்தாள். அப்புறம், "என்னிக்காவது தொறக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

அடுத்த நாள் காலை கடைக்குப் போனதும் முதல் வேலையாகச் சாவியை இடுக்கியில் வைத்தார். மூன்றாவது சாவி. வெட்டினார், அரத்தால் தேய்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி தேய்த்தார். அவர் கையிலிருந்து எந்த வீட்டுச் சாவியும் வேலை மீதியோடு போனதில்லை. இதில் மூன்றாவது பல்லில் ஒரு மயிரிழை உயரத்தை விட்டுவைத்தார். அரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடையைப் பாதி இழுத்துவிட்டு, பெட்ரோல் பங்கைப் பார்த்து நடந்தார். எதிரே வந்த டீக்கடைக்காரர் சாவியைப் பார்த்துவிட்டார்.

"என்ன ரெண்டு சாவி, கையில மூணாவது மாதிரி தெரியுது?"

"ஆமா" என்றார் அவர். நிற்கவில்லை.

மைத்துனன் கடைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. அவருடைய கடையைவிடச் சின்னது. சுவரெல்லாம் வண்டிச் சாவிகள், மேசைமேல் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். கண்ணுக்குப் படுகிற இடத்தில், பெரிய எழுத்தில், ஆர்.சி. புத்தகம் இல்லாமல் சாவி செய்து தரப்படாது என்று ஒரு அட்டை. அட்டை பழுத்து, ஓரம் சுருண்டிருந்தது. ஏழு வருஷம் ஆகியிருக்கும். அவர் அதைப் படித்தார். படித்து முடித்த பிறகும் அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா எப்படி இருக்கு மாமா?"

"சாப்பிட்டா."

சாவியை மேசைமேல் வைத்தார். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. எடுத்தான், ஒரு கண்ணை மூடி வெளிச்சத்தில் பிடித்தான். பல்லை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் நின்றான். திரும்பப் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று அவன் யோசிப்பது தெரிந்தது.

"மூணாவது பல்லு கொஞ்சம் ஒசரமா இருக்கு."

"இருக்கும்."

"நீங்க இப்படி விட மாட்டீங்களே."

பூட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து அரத்தை எடுத்தார். மரக் கைப்பிடி. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவன் கையில் இருந்த அதே அரம். கைப்பிடியின் பக்கம் அவனுக்கு வரும்படி திருப்பி நீட்டினார்.

மைத்துனன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ரோட்டில் ஒரு லாரி போய் முடிகிறவரை அவன் கை அசையவில்லை. பிறகு கையைப் பழைய வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டு அரத்தை வாங்கினான். சாவியை இடுக்கியில் வைத்தான்.

பூட்டுக்காரர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். அரம் ஒரு தடவை போனது. நின்றது. இன்னொரு தடவை, அதைவிட லேசாக.

"போதும்" என்றார். "சரியாயிடுச்சு."